நான்கு சீட் தண்டர்பேர்டுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய அமெரிக்கக் கார்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டு சீட் கொண்ட 1955 ஃபோர்ட் தண்டர்பேர்டைப் பற்றிய பகுதி அருமை. ஆனால் 1958-இல் வந்த நான்கு சீட் தண்டர்பேர்டை ‘ஊதிப்போன கார்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது எனக்கு வருத்தமாக இருந்தது.

நான் டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ‘ட்ரீம் குரூஸ்’ பழைய கார் ஊர்வலத்தைத் தவறவிட மாட்டேன். அங்கே ஒரு பெரியவர் தன் வெள்ளை நிற 58-ஐச் சாலையோரம் நிறுத்தியிருந்தார். இந்தக் காரைச் செய்த விக்சம் ஆலையில்தான் அவரும் வேலை பார்த்தாராம். (ஆலை 2007-இல் மூடப்பட்டது, கட்டடமும் இப்போது இல்லை.) நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, “ஏறி உட்கார்” என்றார்.

காரின் உயரமே 52.5 அங்குலம்தான், குனிந்துதான் ஏற வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது, நடுவில் முன்னும் பின்னுமாக ஓடும் ஒரு மேடு. காரை அவ்வளவு தாழ்த்தியதில், எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டுக்குத் தரைக்கு அடியில் இடமில்லை. அதனால் தண்டை மேடு கட்டி மூடி, இருபுறமும் தரையைப் பள்ளமாக இறக்கிச் சீட்டுகளை வைத்தார்கள். சரி, மேடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடவில்லை. ஜன்னல் கண்ணாடி சுவிட்ச், ஹீட்டர் விசை, ரேடியோ ஸ்பீக்கர், ஆஷ்ட்ரே எல்லாவற்றையும் அதன் மேலேயே பதித்துவிட்டார்கள். இன்று நாம் காபி டம்ளர் வைக்கிற சென்டர் கன்சோலை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த மேடுதான் ஞாபகம் வருகிறது.

இரண்டு சீட் கார் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை யார் வாங்குவார்கள்? ஃபோர்ட் பிரிவுக்குத் தலைவராக இருந்த ராபர்ட் மக்னமாரா (பின்னாளில் வியட்நாம் போர்க்காலப் பாதுகாப்பு அமைச்சரானவரேதான்) நான்கு சீட் வேண்டும் என்று நின்றது இதனால்தான். 1957-இல் தயாரான இரண்டு சீட் தண்டர்பேர்டுகள் சுமார் 21,000. 1958 அமெரிக்காவில் பொருளாதார மந்த ஆண்டு. அதே ஃபோர்டின் எட்செல் என்ற புதிய கார் விற்பனையில் படுத்துவிட்டது. அந்த ஆண்டிலும் தண்டர்பேர்ட் 37,000-ஐத் தாண்டியது. 1960-இல் 92,000-க்கும் மேல். ‘பர்சனல் லக்சுரி கார்’ (சொந்தமாக ஓட்டி மகிழும் சொகுசுக் கார்) என்று உங்கள் கட்டுரை சொல்லும் வகைக்குச் சந்தை உண்டு என்று காட்டியது இந்தக் கார்தான். இதற்குப் போட்டியாகத்தான் ஜெனரல் மோட்டார்ஸ் 1963 மாடலாகப் பியூக் ரிவியராவைக் கொண்டுவந்தது. ரிவியராவுக்கு முழுப் பக்கம் கொடுத்த நீங்கள், அதற்கு வழி போட்ட காரை ஒரு வரியில் முடிக்கலாமா?

எடை கூடியது, பெட்ரோலை நன்றாகக் குடிக்கும் என்பதெல்லாம் உண்மை. அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

தொடரின் அடுத்த பகுதியில் 58-க்கு இடம் ஒதுக்க வேண்டுகிறேன். படம் தேவைப்பட்டால் அடுத்த ஆகஸ்டில் அந்தப் பெரியவரிடம் கேட்டு நானே எடுத்து அனுப்புகிறேன், உள்ளே இருக்கும் அந்த மேட்டையும் சேர்த்து.

அன்புடன்,
நீண்டநாள் வாசகன்,
மிச்சிகன், அமெரிக்கா