வீட்டுக்கு அனுப்பும் முன்னால் இதையும் சொல்லி அனுப்புங்கள்

போதை மறுவாழ்வு மையங்களை நடத்துகிறவர்களுக்கு,

என் தம்பி இப்படி ஒரு மையத்தில் 45 நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் இறந்துபோனான். அன்று ராத்திரி அவன் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் பலமாகக் கேட்டது. எத்தனையோ மாதம் தூக்கமில்லாமல் அலைந்த பிள்ளை இப்போதாவது அசந்து தூங்குகிறானே என்று அம்மா மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அது தூக்கமில்லை. தொண்டை அடைத்து, கரகரவென்று இழுத்து, நடுநடுவே நின்று நின்று வந்த அந்தச் சத்தம் ஹெராயினில் மூச்சு அடங்குகிற சத்தம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மையத்திலிருந்து கிளம்பியபோது சான்றிதழ் கொடுத்தார்கள், கைதட்டினார்கள், நிறைய புத்திமதி சொன்னார்கள். 'உன் உடம்பு இனிமேல் பழைய அளவைத் தாங்காது' என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள், அதாவது அபின் வகை மருந்துகள், எல்லாமே மூச்சை மந்தமாக்கும். தினமும் எடுக்கிறவர் உடம்பு அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறது, ஆனால் சில வாரம் நிறுத்தினாலே அந்தப் பழக்கம் போய்விடுகிறது, முன்பு சாதாரணமாகத் தாங்கிய அளவே இப்போது உயிரை எடுத்துவிடுகிறது. சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள் இவ்வளவு ஆபத்தாக இருப்பது இதனால்தான். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம்.

இதையெல்லாம் சொன்னால் மறுபடி போடச் சொல்வது போல ஆகிவிடும் என்று உங்களில் சிலர் பயப்படுகிறீர்கள். மறுபடி தொட்டுவிடுவது இதில் சகஜம் என்பது உங்களுக்குத் தெரியாததா? இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருகிறவர்களையும் நீங்கள்தானே சேர்த்துக்கொள்கிறீர்கள்? அப்படித் திரும்பி வர ஆள் உயிரோடு இருக்க வேண்டாமா?

அப்புறம் நாலக்சோன். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் ஊசியாகவும் இருக்கிற மருந்து, அடங்கிய மூச்சைச் சில நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவரும், ஓபியாய்டு எடுக்காதவருக்குத் தவறிக் கொடுத்துவிட்டாலும் கெடுதல் செய்யாது. பக்கத்தில் இருக்கக்கூடிய சாதாரண மனிதர்கள் கையிலும் இது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 30 முதல் 90 நிமிடத்தில் இதன் வேகம் குறைந்து மூச்சு மறுபடி அடங்கலாம், அதனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹெராயின் ஏக்கத்தை அடக்க மருத்துவர்கள் கொடுக்கும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகளைக் கேட்கிறவர்களை 'ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா' என்று விரட்டாதீர்கள். 2005 முதல் இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன, அவற்றில் தொடர்ந்து இருக்கிறவர்கள் சாவது குறைகிறது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் குடும்பத்தையும் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுங்கள். தட்டி எழுப்பியும் எழாவிட்டால், உதடு நீலம் பாரித்திருந்தால், கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தால் என்ன செய்வது, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பது எப்படி, மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி என்று செய்து காட்டுங்கள். அந்தக் குறட்டை எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.