சீனிக்கு என்ன ஆச்சு என்று கேட்டாயே

குடியாத்தம்
30 மே, சனிக்கிழமை

அன்புள்ள கண்ணு,

நேற்று வீடியோ காலில் நம் நாய் சீனி நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு, ஏன் என்கிட்ட மறைக்கறீங்க?" என்று கேட்டாய். அம்மா ஏதோ முள் குத்திவிட்டது என்று சமாளித்தாள். முள் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ அழுவாய், மீதியை என்னால் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி. சீனி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தை மாதம் நீ பூனேக்குத் திரும்பின பிறகு பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தார்கள். ஒரு தம்பி, அவன் மனைவி, அவன் அம்மா. அவனுக்கு ஆம்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் ஆறரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி எட்டு ஆகும். கூடவே ஒரு சிப்பிப்பாறை நாயையும் கொண்டுவந்தார்கள். மான் நிறம், நீள மூக்கு, ஒட்டின வயிறு. விலா எலும்பை எண்ணிவிடலாம். பட்டினி போடுகிறார்களோ என்று அம்மா பரிதாபப்பட்டாள். அந்த ஜாதியே அப்படித்தான், விருதுநகர்ச் சீமையில் முயல் பிடிக்க வளர்த்த நாய். மோப்பத்தைவிடக் கண்ணைத்தான் நம்பும். எது ஓடினாலும் துரத்தும்.

பங்குனியில் அம்மாவின் புள்ளிக்கோழியைப் பிடித்துவிட்டது. ஒரே கவ்வு, ஒரே உதறல். நான் போய்க் கேட்டேன். "அது ஒண்ணும் பண்ணாது மாமா, சின்னப் புள்ள மாதிரி. கோழி ஓடுச்சு, அதான்" என்று சொல்லிக் கையில் நானூறு ரூபாய் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் கண்ணு. காலையில் கொஞ்ச நேரம் அதைத் தெருவில் அவிழ்த்துவிடுகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோழிப் பணத்தோடு விஷயத்தை முடித்துவிட்டேன். அது என் தப்பு.

அக்னி நட்சத்திரம் தொடங்கின திங்கட்கிழமை. வெயிலுக்கு முன்னால் வந்துவிடலாம் என்று ஐந்தே முக்காலுக்குச் சீனியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்குப் பதினோரு வயசு ஆகிறது. நீ ப்ளஸ் டூ படிக்கும்போது ஷூ டப்பாவில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்த குட்டி. இப்போதெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் நடக்கிறாள். குழாயடி தாண்டவில்லை, பின்னால் நகம் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் வந்துவிட்டது. சீனி பயந்து முன்னால் இழுத்து ஓடப் பார்த்தாள். ஓடினதைக் கண்டதும் அதன் வேகம் இரண்டு மடங்காகிவிட்டது. நான் சட்டென்று அவளைத் தூக்கி மார்போடு அணைத்தேன். அப்படித் தூக்கக் கூடாது, கையில் ஏறின பிராணியை எட்டிப் பிடிக்க அது நம் மேலேயே தாவும் என்று பிறகு டாக்டர் சொன்னார். இருந்தாலும் அந்த நேரத்தில் கை வேறு என்ன செய்யும்?

தாவினது. அதன் நகம் என் மணிக்கட்டைக் கீறியது. சீனியின் பின்தொடை அதன் வாயில் இருந்தது. அவள் கத்தினது நாய் கத்துகிற மாதிரி இல்லை கண்ணு. எதிர் வீட்டு அக்கா வாசல் தெளிக்க வாளியோடு நின்றிருந்தார்கள். ஓடிவந்து சாணித் தண்ணீரை அப்படியே அதன் மூஞ்சியில் ஊற்றினார்கள். அப்புறம்தான் விட்டது. அந்த அக்கா இல்லையென்றால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீ வரும்போது அவர்களுக்கு ஒரு புடவை எடுத்து வா.

வீட்டுக்கு வந்ததும் நான் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து பதினைந்து நிமிஷம் கையைக் கழுவினேன். வெறிநோய்க் கிருமிக்கு மேலே கொழுப்பால் ஆன உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் ஊசி போட்டே ஆக வேண்டும். அந்த நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு வைத்தியமே கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கே முதல் ஊசி போட்டார்கள், இரண்டு கையிலும். மூன்றாம் நாள், ஏழாம் நாள் போட்டாகிவிட்டது. மிச்சம் இருபத்தெட்டாம் நாள் ஊசி ஒன்றுதான். பயப்படாதே.

சீனியை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மேலே பார்த்தால் மிளகு அளவுக்கு இரண்டு ஓட்டை, அவ்வளவுதான். அம்மாகூட மஞ்சள் வைத்தால் ஆறிவிடும் என்றாள். டாக்டர் முடியைக் கத்தரித்துவிட்டுக் காட்டினார். பல்லால் பிடித்து உதறும்போது மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே தோலும் சதையும் தனித்தனியாகப் பிரிந்து ஒரு பை மாதிரி ஆகிவிடுமாம். சீழ் அங்கேதான் பிடிக்கும். முடி அடர்ந்த நாய்க்கு அது வெளியே தெரியவே தெரியாது. சிரிஞ்சில் சலைன் எடுத்து எடுத்து உள்ளே பீய்ச்சிக் கழுவினார். தையல் போடவில்லை, வாய் திறந்தே இருந்தால்தான் நீர் வடியும் என்றார். ஜனவரியில் போட்ட வெறிநாய் ஊசி இருந்தும் மறுபடி போட்டார். இத்தனைக்கும் சீனி என் கட்டை விரலைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு அழுத்தாமலே இருந்தாள்.

அந்தத் தம்பியிடம் அன்று மாலை ஊசி அட்டையைக் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தான். தேதி தாண்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. கடித்த நாய்க்கு வெறிநோய் இருந்தால் பத்து நாளுக்குள் தெரிந்துவிடும், அதுவரை கட்டி வைத்துக் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பத்து நாளும் காலையிலும் மாலையிலும் மதில் மேல் எட்டிப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. தண்ணீர் குடிக்கிறதா, சோறு தின்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா? முதல் இரண்டு நாள் அதைப் பார்க்கும்போதே வயிறு எரிந்தது. நாலாம் நாள் அது தட்டை நக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அந்த நாய்க்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று அன்று ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். சீனிக்காக வேண்டப் போனவன் அதற்கும் சேர்த்து வேண்டிவிட்டு வந்தேன்.

அந்த வாரத்தில்தான் தெருவில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு கறித்துண்டுல மருந்த வெச்சி போட்டுடு, முடிஞ்சுது" என்றார். நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. விஷம் வைத்துக் கொன்றால் புதுச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை ஜெயில் உண்டு. ஆனால் நான் அதற்குப் பயந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுஷன் கையிலிருந்து வருவது சாப்பாடு என்று நம்பித்தான் ஒரு நாய் வாயைத் திறக்கிறது. சீனியும் அப்படித்தான் திறக்கிறாள். அந்த நம்பிக்கைக்குள்ளே விஷத்தை வைக்க என்னால் முடியாது. நம் வீட்டில் யாரும் அதை மனசால்கூட நினைக்கக் கூடாது.

போலீசுக்கு ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். போகலாம்தான். வளர்க்கிற பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவர்மேல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற அந்தப் புதுச் சட்டத்தின் 291ஆம் பிரிவில் வழக்குப் போடலாம், ஆறு மாதம் வரை ஜெயிலோ ஐயாயிரம் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். மனுவை எழுதியே வைத்துவிட்டேன். தேதி, நேரம், காயத்தின் போட்டோ, இரண்டு ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் பிரிட்ஜ் மேல் ஒரு கவரில் இருக்கிறது. கவர் இருக்கிற விஷயத்தை அந்தத் தம்பியிடம் நேராகவே சொன்னேன்: "இன்னொரு தடவை அவிழ்த்துவிட்டால் நான் உன் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டேன், நேரே ஸ்டேஷனுக்குப் போவேன்."

ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பேச நினைத்தேன். ராத்திரி எட்டரைக்குப் போனேன். அவன் அம்மா மோர் கொடுத்தார்கள். "நாள் பூரா பின்கட்டுல செயின்ல கெடக்குது மாமா. இவங்க ரெண்டு பேராலயும் புடிக்க முடியாது. காலையில அர மணி நேரம் ஓடலைன்னா அதுக்குப் பைத்தியமே புடிச்சிடும்" என்றான். அது பொய் இல்லை. ஓடவே பிறந்த ஒன்றை நாலடிச் சங்கிலியில் பன்னிரண்டு மணி நேரம் கட்டிவைத்துவிட்டு, பிறகு திடீரென்று அவிழ்த்தால் அம்பு மாதிரித்தான் பாயும். அது ஓடட்டும், ஆனால் தெருவில் வேண்டாம் என்றேன். கௌண்டன்யா ஆறு காய்ந்து மணலாகக் கிடக்கிறது. ஐந்து மணிக்கு முன்னால் அங்கே ஒரு ஆள் இருக்காது. நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓடவிடு, ஐந்தரைக்குள் வீட்டுக்கு வந்துவிடு, ஆறு மணிக்கு மேல் நான் சீனியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டான். சீனியின் மருந்துச் செலவு முழுவதும் அவன்தான் கொடுத்தான். மறுநாளே அதற்கு ஊசியும் போட்டுவிட்டு அட்டையைக் கொண்டுவந்து காட்டினான்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா. ராத்திரி வாணவேடிக்கை பார்க்க மாடிக்குப் போனேன். முதல் வெடிச் சத்தத்துக்கே பக்கத்து வீட்டு நாய் பின்பக்கமாகக் காலை ஊன்றி இழுத்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பெல்ட் காது மேல் வழுக்கிக் கழன்று கீழே விழுந்துவிட்டது. கேட் பூட்டியிருந்தது, நல்லவேளை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. கடையில் விற்கிற பெல்ட் அதன் கழுத்தில் நிற்காது. இறுக்கிப் போட்டால் மூச்சு முட்டும், தளர்த்திப் போட்டால் கழன்றுவிடும். அவன் எவ்வளவு நல்ல மனசோடு பிடித்துக்கொண்டு போனாலும் ஒரு நாள் அது கையை விட்டுப் போகத்தான் போகிறது.

ஷூ கம்பெனியில் இருபத்து மூன்று வருஷம் தோலோடுதான் இருந்தேன், உனக்குத் தெரியும். மறுநாள் பரணிலிருந்து குத்தூசியும் மெழுகு நூலும் எடுத்தேன். அந்தத் தம்பி நூல் பிடித்து அளவு எடுத்துக் கொடுத்தான். கழுத்து உயரமான நாய், அதனால் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மாட்டுத் தோல் வார், உள்ளே உரசாமல் இருக்க ஆட்டுத் தோல் லைனிங். ஒரே வளையமாகப் போடாமல், பெரிய வளையத்தின் இரண்டு முனையிலும் இரும்பு வளையம் வைத்து, அதில் ஒரு சின்ன வார் வளையத்தைக் கோத்துவிட்டேன். கயிற்றை அந்தச் சின்ன வளையத்தில்தான் மாட்ட வேண்டும். நாய் சும்மா இருக்கும்போது பட்டை தளர்ந்து கிடக்கும். இழுத்தால் சின்ன வளையம் பெரியதைக் கூட்டிப் பிடிக்கும், காதைத் தாண்டி வழுக்காது. இரண்டு இரும்பும் முட்டினதும் நின்றுவிடும், அதற்கு மேல் இறுகாது, குரல்வளை நெரியாது. மூன்று நாள் ஆயிற்று தைக்க. கண் முன்னைப் போல இல்லை. இருந்தாலும் ஒரு தையல் கோணவில்லை.

நானேதான் போட்டுவிட்டேன். கை நடுங்கியது. அது என் மணிக்கட்டை முகர்ந்தது, கீறல் ஆறின இடத்தை. பிறகு தலையைக் குனிந்து கொடுத்தது.

அதற்குப் பிறகும் ஒரு நாள் பால்காரருக்குக் கேட்டைத் திறந்த அவன் அம்மா மூட மறந்துவிட்டார்கள். நாய் வெளியே வந்துவிட்டது. நான் மட்டும்தான் இருந்தேன், சீனி இல்லை. ஓடவில்லை, கத்தவில்லை, அதன் கண்ணைப் பார்க்கவில்லை. கையிலிருந்த குடையை எனக்கும் அதற்கும் நடுவில் பட்டென்று விரித்தேன். திகைத்து நின்றுவிட்டது. பட்டையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். இப்போது அந்தக் கேட்டில் தானாக மூடிக்கொள்கிற ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். நீயும் பூனேயில் தெருநாய்க் கூட்டம் என்று சொல்வாயே, ஒரு குடையைக் கையோடு வைத்துக்கொள்.

சீனியின் காயம் மூடிவிட்டது. முடி முளைக்க நாளாகும். நொண்டல் இன்னும் இரண்டு வாரத்தில் போய்விடும் என்கிறார் டாக்டர். ஆனால் அவள் வாசல்படி தாண்ட மாட்டேன் என்கிறாள் கண்ணு. கயிற்றைப் பார்த்ததும் முன்பெல்லாம் சுற்றிச் சுற்றி வருவாளே, இப்போது கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். இழுக்காதீர்கள், அவளாக வரட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் தினமும் ஆறு மணிக்குப் படியில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்போம். வியாழக்கிழமை முன்கால் இரண்டையும் கீழ்ப்படியில் வைத்தாள். நேற்றும் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை எனக்குக் கடைசி ஊசி, அம்மாவும் கூட வருகிறாள். அதற்கு முன்னால், ஆறு பத்துக்கு எனக்குப் போன் செய். நான் கேட்டுக்கு வெளியே நின்று ஸ்பீக்கரில் போடுகிறேன். நீ காலேஜ் விட்டு வரும்போது தெருமுனையிலிருந்து கூப்பிடுவாயே, அதே மாதிரி சத்தமாகக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா