'எப்படித் தெரியும்?' என்று கேட்டவர்களுக்கு நன்றி

நம் குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

படிக்கட்டுக்குப் பக்கத்து வெள்ளைப் பலகையில் தினம் ஒரு துணுக்கு எழுத ஆரம்பித்து நேற்றோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. எழுதும் கை என்னுடையது என்பதால் பாராட்டும் என்னிடமே வந்து சேர்கிறது. மொத்தத்தையும் நானே வைத்துக்கொள்வது நியாயமில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டேன். நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் அதன் கீழே பொடி எழுத்தில் 'எப்படித் தெரியும்?' என்று ஒரு கேள்வி. எரிச்சலாகத்தான் இருந்தது. தேடிப் பார்த்ததும் எரிச்சல் போய் வெட்கம் வந்தது. சுவரின் நீளம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்தான், ஆனால் அகலம் சில மீட்டர். நிலவிலிருந்து அதைப் பார்ப்பதும் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் ஒரு தலைமுடியைப் பார்ப்பதும் ஒன்று. 2003-ல் பூமியைச் சுற்றிவந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், அவ்வளவு பக்கத்திலிருந்தே சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் பலகையில் தப்பை ஒப்புக்கொண்டேன். அன்றைக்குத்தான் நிறைய பேர் நின்று படித்தார்கள். கேள்வி எழுதியது இரண்டாம் மாடியின் ஒன்பதாம் வகுப்புப் பெண். முதல் நன்றி உனக்குத்தான் அம்மா.

அடுத்து, ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஐயா. 'வெள்ளிக் கோளில் ஒரு வருடத்தைவிட ஒரு நாள் நீளம்' என்று எழுதியிருந்தேன். ஐயா என்னை நிறுத்தி, "எந்த நாளைச் சொல்றீங்க?" என்றார். நாளில் எத்தனை வகை இருக்கிறது என்று விழித்தேன். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாட்கள், சூரியனைச் சுற்ற 225 நாட்கள். அதுவரை நான் எழுதியது சரி. ஆனால் அங்கே நின்று ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம்வரை எண்ணினால் சுமார் 117 நாட்கள்தான். அதாவது ஒரு வருடத்துக்குள் கிட்டத்தட்ட இரண்டு விடியல்! நான் நம்பவில்லை. ஐயா நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதுதான் சூரியன் என்று சொல்லி என்னை வெள்ளியாக்கினார். நாற்காலியைச் சுற்றி ஒரு திசையில் நடக்க வேண்டும், நடந்துகொண்டே எதிர்த் திசையில் மெதுவாகத் திரும்ப வேண்டும். வெள்ளி அப்படித்தான் தலைகீழாகச் சுழல்கிறது. அதனால் நாற்காலி சீக்கிரமே திரும்பவும் என் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. அங்கே சூரியன் மேற்கில் உதிப்பதும் இதனால்தான். தலை சுற்றியது, ஆனால் புரிந்தது. வேடிக்கை பார்த்துச் சிரித்தவர்களுக்கு நன்றி கிடையாது.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று நாமெல்லாம் பள்ளியில் படம் வரைந்தோமே, அதை உடைத்தவர் முதல் மாடி அக்கா. உப்பைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா கரிக்குதே!" என்று கதவைத் தட்டினார். 1901-ல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த படமாம் அது. எல்லாச் சுவையும் நாக்கில் பல இடங்களில் தெரியும். இத்தனை வருடம் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தும் எனக்குச் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

23 பேர் இருந்தால் அவர்களில் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கும் மேல் வாய்ப்பு உண்டு என்று எழுதியபோது, வீடு வீடாகப் போய்த் தேதி வாங்கி வந்த கல்லூரித் தம்பிகளுக்கும் நன்றி. 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருக்கின்றன, அதுதான் சூட்சுமம். நமக்கு 26-வது வீட்டில் ஜோடி சிக்கியது. அப்புறம் இரவுக் காவலர் அண்ணன். தகர டப்பாவுக்குக் காப்புரிமை கிடைத்தது 1810-ல், அமெரிக்காவில் டப்பா திறப்பானுக்குக் கிடைத்தது 1858-ல் என்று படித்துவிட்டு, அதுவரை எப்படித் திறந்தார்கள் என்று கேட்டவர் அவர். சுத்தியலும் உளியும் வைத்துத்தான் அண்ணே. பதில் சொன்ன பிறகும் இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, தினமும் பலகையைத் துடைக்கும் அக்கா. துடைக்கும் முன் ஒவ்வொன்றையும் தன் மகனுக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்று போன வாரம்தான் தெரிந்தது. என்னிடம்கூட இல்லாத கணக்கு அவரிடம் இருக்கிறது. நான் தேதி மாற்றி எழுதிய நாட்களைக்கூடத் திருத்தி வைத்திருக்கிறார். அக்காவின் மகன் என்னிடம் கேட்டு அனுப்பியிருப்பது: ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றால், அது நீந்தும்போது மூன்றும் துடிக்குமா? இல்லை தம்பி. உடலுக்கு ரத்தம் அனுப்பும் இதயம் நீந்தும்போது நின்றுவிடும். அதனால்தான் அது நீந்துவதைவிடத் தவழ்வதையே விரும்புகிறது.

நாளையிலிருந்து யார் வேண்டுமானாலும் எழுதலாம். மார்க்கர் பேனா மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. எழுதி முடித்ததும் மூடியைப் போட்டுவிடுங்கள், போன மாதம் மட்டும் இரண்டு காய்ந்துபோய்விட்டன.