நிலாவைப் பட்டினி போடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம், எனக்கு இந்த வருஷமும் அதே பள்ளிக்கூடம், அதே பி.டி. வாத்தியார் வேலை, அதே விசில்தான்.

எடை கூடிவிட்டதென்று உன் மகள் நிலாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். அதை இன்றைக்கே விட்டுவிடு. பத்து வயசுப் பிள்ளை, வளர்கிற உடம்பு. இந்த வயசில் பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை, மேலே ஏறாமல் பிடித்து வைத்தால் போதும், உயரம் கூடக்கூட உடம்பு தானே சரியாகிவரும். அப்புறம், உயரத்துக்கு எடை சரியா என்று நீ செல்போனில் பி.எம்.ஐ. போட்டுப் பார்த்தது பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளுக்கு வயது, ஆண் பெண் பார்த்துத் தனி வளர்ச்சி அட்டவணை இருக்கிறது, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்டது. குழந்தை டாக்டரிடம் அதில் குறித்துக் காட்டச் சொல். கழுத்தின் பின்பக்கம் கருத்திருந்தால் அழுக்கென்று தேய்க்காமல் அதையும் காட்டு, இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அது ஒரு அறிகுறி. தூக்கத்தில் குறட்டை விட்டால் அதையும் சொல்.

வீட்டில் அவளுக்கு மட்டும் தனித் தட்டு, தனிச் சட்டம் வேண்டவே வேண்டாம். தம்பி சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தின்ன, அவள் வெள்ளரிக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும்? ஒளித்துவைத்துத் தின்னத்தான் பழகும். வாங்குவதையே நிறுத்து, நீயும்தான். முதலில் குளிர்பானம். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது, பிள்ளைகளுக்கு நாள் முழுவதற்குமே சேர்க்கிற சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். பள்ளி விட்டு வந்ததும் பசிக்கும், அப்போது சுண்டலோ அவித்த கடலையோ கொய்யாவோ கொடு. சித்தப்பாவிடமும் சொல், 'குண்டு' என்று கூப்பிடுவதை நிறுத்தட்டும். கேலி செய்தால் பிள்ளை மைதானத்துக்கே வராது, இதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

மைதானம் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஐந்திலிருந்து பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், அதிலும் ஒன்றைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. சாயங்காலம் டியூஷன், அப்புறம் போன், பத்தரைக்குத் தூக்கம். ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டிய பிள்ளைகள் இவர்கள், தூக்கம் குறைந்தால் பசியும் தாறுமாறாகும். டியூஷனில் ஒரு நாளையாவது வெட்டிவிட்டு அவளைத் தெருவில் விடு. கோ-கோவோ சைக்கிளோ, அவளுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி, எடை குறைப்பதற்கென்று மட்டும் சொல்லி அனுப்பாதே.

இன்னொன்று, நீ பெற்றோர் சங்கத்தில் இருக்கிறாய் அல்லவா? கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதைக் கேள். பி.டி. பீரியடை யாரும் எடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக் கேள், நீங்கள் கேட்டால்தான் நடக்கும், எங்களைப் போன்ற பி.டி. வாத்தியார்கள் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. மே லீவில் நிலாவை இங்கே அனுப்பு, காலையில் எங்கள் பிள்ளைகளோடு ஆடட்டும்.

அன்புடன்,
முருகன்