சாடி இருக்கட்டும், யன்னலைத் திறவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மணி பிளாண்ட், மருள் போன்ற செடிச் சாடிகளை 'வீட்டுக் காற்றைச் சுத்திகரிக்கும்' என்று சொல்லி இப்போது மட்டக்களப்பிலும் விற்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு அடிப்படை 1989இல் வெளியான நாசா ஆய்வு. அது நடந்தது காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள். நம் வீடுகள் அப்படியா? சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செய்ய, தரையில் ஒரு சதுர மீற்றருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்கிறது 2019இல் வெளிவந்த மீளாய்வு. பிறகு பாய் விரிப்பது எங்கே?

யன்னலைச் சாத்தி நுளம்புச்சுருளைக் கொளுத்திவிட்டு மூலையில் ஒரு சாடி வைத்தால் புகை போய்விடாது. வாவிக் காற்றுக்குக் காசில்லை. வலை அடித்து யன்னலைத் திறந்துவிடலாம். செடி அழகுக்கு இருக்கட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் சாடியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். விற்பவர்கள் அதையும் சொல்லி விற்கட்டும்.

வாசகர்,
கல்லடி.