இடது பக்கக் கண்ணாடி தூரத்தைத் தவறாகக் காட்டுவது குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். ஐந்து வருடமாக உங்கள் நிறுவனக் காரைத்தான் ஓட்டுகிறேன். இடது பக்கக் கண்ணாடியில் ரசம் போனதால் போன மாதம் உங்கள் சர்வீஸ் சென்டரில் மாற்றினேன். கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு ஓரம் கறுப்பது எல்லா வண்டிக்கும் நடப்பதுதான், அதைக் குறை சொல்லவில்லை. நீங்கள் மாட்டிய புதுக் கண்ணாடியில்தான் குறை.

மாற்றிய நாலாம் நாள், வழக்கமான இடத்தில் நிறுத்த ரிவர்ஸ் எடுத்தேன். இடப் பக்கம் பக்கத்து வீட்டு அண்ணன் தன் நாட்டுப்படகைப் பழுது பார்க்கக் கட்டை மேல் ஏற்றி வைத்திருந்தார். படகுக்கும் காருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம் என்றுதான் கண்ணாடியில் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன், கிறீச்சென்று சத்தம். பின் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல், நடுவில் ஒடுக்கு. படகின் முன்முனையான அணியத்தில் பைபர் பெயர்ந்துவிட்டது. 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் கட்டாயமான ரிவர்ஸ் சென்சார் என் காரிலும் உண்டு. ஆனால் அது பின் பம்பரில் இருப்பது, பக்கவாட்டில் வருவதைச் சொல்லாது. பக்கத்துக்குக் கண்ணாடியைத்தானே நம்ப வேண்டும்?

பழைய கண்ணாடியை அன்றே கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதன் நடுவில் ஸ்கேலைப் படுக்க வைத்துப் பிடித்தால் ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. புதியதில் நாலரை, அதாவது புதியதற்கு வளைவு அதிகம். அப்புறம் பின் பம்பர் அருகே தண்ணீர் கேனை வைத்து, சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தம்பி பழைய கண்ணாடியைப் புதியதன் மேல் பிடித்தபோது கேன் என் கட்டைவிரல் நீளம் தெரிந்தது. பழையதை எடுத்ததும் புதியதில் முக்கால் விரல்தான்.

“எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான் சார், கிட்ட இருப்பது தள்ளித்தான் தெரியும்” என்றார் உங்கள் அட்வைசர். எனக்கும் தெரியும். புறம் வளைந்த கண்ணாடி நிறைய இடத்தைக் காட்டும், அதற்காகப் பொருளைச் சிறிதாக்கும். சிறிதாகத் தெரிவதைக் கண் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் எவ்வளவு சிறிதாக்கும் என்ற கணக்கு ஐந்து வருடம் ஓட்டிக் கண்ணில் பதிந்தது. வளைவு கூடினால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். பழையதன் அடியில், தெரிவதைவிடப் பொருள் பக்கத்தில் இருக்கும் என்ற எச்சரிக்கை வாசகம் இருந்தது, புதியதில் அதுவும் இல்லை. பில்லில் மட்டும் ஒரிஜினல் பாகம் என்று இருக்கிறது. வண்டியைக் கொடுக்கும்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் படகு நின்ற இடத்தில்தான் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் விளையாடுவார்கள். அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. ஆடி அமாவாசைக்கு இராமேஸ்வரத்தில் கூட்டத்துக்கு நடுவே வண்டி ஒதுக்குபவர்களிடமும் இதே கண்ணாடி இருக்கலாம்.

பழைய வளைவுள்ள கண்ணாடியை இலவசமாக மாற்றித் தர வேண்டும். கதவு வேலைக்கான செலவையும் தர வேண்டும். படகுக்கு அண்ணன் பணம் வாங்க மறுத்துவிட்டார். ரெசினும் பைபர் பாயும் நான் வாங்கிக் கொடுத்தேன், அந்த ரசீதையும் இணைத்துள்ளேன். இதே கண்ணாடி மாட்டிய மற்றவர்களையும் அழைத்துச் சொல்லுங்கள், அதுதான் முதலில் வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பழைய கண்ணாடி என் வீட்டில்தான் இருக்கிறது. உங்கள் ஆள் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்