மைசூர் அரண்மனைக்கு மூன்று மணி நேரம் கொடுங்கள்: சுற்றுலா வண்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, சேலம், ஈரோடு, கோவை, திருச்சி என்று பல ஊர்களிலிருந்தும் மைசூருக்கு வேனும் பஸ்ஸும் விடும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்கான உங்கள் நோட்டீஸ்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வரத் தொடங்கிவிட்டன. ஊரும் கட்டணமும் மாறுகின்றன. மைசூர் நாளின் வரிசை மட்டும் மாறுவதே இல்லை. காலையில் சாமுண்டி மலை, அடுத்து மிருகக்காட்சி சாலை, சாப்பாடு, பட்டுக்கடை, மூன்று மணிக்கு மேல் அரண்மனை, இருட்டினால் பிருந்தாவன் தோட்டம். எல்லாம் ஒரே நாளில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில். இந்த ஓட்டத்தில் அரண்மனைக்கு மிஞ்சுவது முக்கால் மணி நேரம். குடும்பத்தோடு வருகிறவர்கள் நோட்டீஸில் அரண்மனைப் படத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அரண்மனைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதையும் காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது ஒதுக்குங்கள்.

முக்கால் மணி நேரம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். கிழக்கே மைதானத்தைப் பார்த்து நிற்கிற ஜெயமார்த்தாண்ட வாசல்தான் எல்லாப் படங்களிலும் வருவது. ஆனால் பார்வையாளர்கள் உள்ளே போவது தெற்கே இருக்கும் வராக வாசல் வழியாக. "அரண்மனை வந்தாச்சு, இறங்குங்க" என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் தவறான வாசலுக்கு நடக்கிறார்கள். சரியான வாசலுக்கு வந்தபின் டிக்கெட் வரிசை, சோதனை, செருப்பு விடும் இடம் என்று ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டும். நாற்பது பேர் கொண்ட குழுவில் கடைசி ஆள் கட்டடத்துக்குள் கால் வைப்பதற்குள் உங்கள் நேரத்தில் பாதி போய்விடும்.

செருப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வயதானவர்களை வதைப்பது அதுதான். நேரம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, குழுவில் இருக்கும் எல்லோருடைய செருப்பையும் இரண்டு மூன்று சாக்கில் திணித்து ஒரே ஆள் பெயரில் டோக்கன் வாங்குகிறார்கள் உங்கள் ஆட்கள். டோக்கன் அந்த ஆளின் சட்டைப் பையில் இருக்கிறது, அவரோ கூட்டத்தில் எங்கோ நிற்கிறார். முழங்கால் வலியால் பாதியில் வெளியே வந்த பாட்டிக்கும், சிறுநீர் வருகிறது என்று அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்க்கும் செருப்பு கிடைக்காது. டோக்கன்காரர் வரும்வரை ஏப்ரல் வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். நிழல் தேடி நகர்ந்தால் குழுவைத் தவறவிட்டு விடுவோமோ என்ற பயம். சாக்கைப் பிரித்துக் கொட்டிய பிறகு அவரவர் ஜோடியைத் தேட இன்னொரு பத்து நிமிடம். நீரிழிவு நோயாளிகளின் பாதம் சூட்டை உடனே உணராது. வண்டியில் ஏறிய பிறகுதான் கொப்புளம் கண்ணில் படும். இதைத் தவிர்க்க ஆகும் செலவு, குடும்பத்துக்கு ஒரு துணிப்பை. அவரவர் பையில் அவரவர் செருப்பு, அவரவர் கையில் அவரவர் டோக்கன். பெரியவர்கள் பருத்திக் காலுறை எடுத்து வரட்டும் என்று முந்தின நாளே ஒரு வரி அனுப்பினால் இன்னும் நல்லது.

உள்ளே நிலைமை வேறு. பார்வையாளர் பாதை ஒரே திசையில் போகிறது. நுழைந்த பிறகு கூட்டத்தை எதிர்த்துத் திரும்பி வர முடியாது. அதனால் கழிப்பறைக்குப் போவதும் தண்ணீர் குடிப்பதும் நுழையும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், படிக்குக் கீழே நிற்கும்போது அல்ல.

ஞாயிறு பிற்பகலில் இந்தப் பாதையில் யாரும் எதையும் நின்று பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவர்கள் தள்ளத் தள்ள நகர்கிறார்கள், அவ்வளவுதான். பொம்மை மண்டபத்தை ஒட்டித் தொடங்கும் இந்தப் பாதையில்தான் விஜயதசமியன்று யானை முதுகில் சாமுண்டீஸ்வரியைச் சுமந்து போகும் 750 கிலோ தங்க அம்பாரி இருக்கிறது. அதைக் குழந்தைகள் பெரியவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறார்கள். அடுத்து வரும் கல்யாண மண்டபத்தில் எண்கோணக் கூரை முழுக்க வண்ணக் கண்ணாடியில் மயில்கள். அதைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தவை. 1897இல் அரச குடும்பத் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. அதனால்தான் புதிய அரண்மனை கல்லும் இரும்புமாக எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் பங்காற்றிய ஹென்றி இர்வின்தான் இதையும் வடிவமைத்தார். 1912இல் வேலை முடிந்தது. இந்தக் கதையைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்க்க ஒரு தாத்தாவுக்குப் பத்து நிமிடம் வேண்டாமா? மண்டபத்தைச் சுற்றிய சுவர்களில் தசரா ஊர்வல ஓவியங்கள் 26 இருக்கின்றன. யானை, குதிரை, வாத்தியக்காரர்கள், கூட்டத்தில் நிற்கும் மக்கள் என்று முகம் முகமாக வரைந்திருக்கிறார்கள். மாடியில் 155 அடி நீள தர்பார் மண்டபம், அதற்கப்பால் வெள்ளிக் கதவும் தந்தம் பதித்த கதவும் உள்ள அம்பா விலாசம் என்ற அரசரின் தனி மண்டபம். நிதானமாகப் பார்த்தால் உள்ளே மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆகும். வரிசைகள், செருப்பு, நடை, வளாகத்துக்குள் இருக்கும் கோயில்கள், பெரியவர்கள் உட்கார்ந்து எழும் நேரம் எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி. நாங்கள் கேட்கும் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள் என்பதும் புரிகிறது. ஞாயிறன்றும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை ஏழு மணிவாக்கில் அரண்மனை முழுக்க விளக்குகள் எரியும். ஏறத்தாழ 97,000 பல்புகள். முக்கால் மணி நேரம் எரிந்து அணையும். மற்ற நாட்களில் ஒலி ஒளிக் காட்சியின் முடிவில் சில நிமிடங்கள்தான். ஆனால் அதே நோட்டீஸில், அதே ஞாயிறு மாலைக்கு, பிருந்தாவன் நீரூற்றையும் போடுகிறீர்களே, அது எப்படி? அரண்மனையிலிருந்து பிருந்தாவன் சுமார் 20 கிலோமீட்டர். இரண்டுமே இருட்டிய பிறகு நடப்பவை. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்பது வண்டி ஓட்டுபவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அன்று மாலைதான் தெரிகிறது. இதை ஏமாற்று என்று சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. அப்படிச் சொல்ல வைக்காதீர்கள்.

இதற்கு வழி இருக்கிறது. ஞாயிறு பிற்பகலில் மைசூருக்கு வந்து சேருங்கள். அறையில் இளைப்பாற விடுங்கள். ஆறரைக்கு அரண்மனை மைதானத்தில் இறக்கி விளக்கொளியை மட்டும் காட்டுங்கள், கட்டடத்துக்குள் போக வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் கை நழுவுவது எளிது. பெற்றோரின் கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள், சந்திக்கும் இடத்தை வண்டியிலேயே காட்டிவிடுங்கள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு வராக வாசல், பத்து மணிக்கு உள்ளே. வார நாளின் முதல் ஒரு மணி நேரத்தில் கல்யாண மண்டபத்தின் நடுவே நின்று மேலே பார்க்க முடியும். ஒரு மணிக்கு வெளியே வந்து சாப்பாடு, பிற்பகல் மிருகக்காட்சி சாலை, இருட்டியதும் பிருந்தாவன். மலைக்கு மறுநாள் காலை. மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை. அதை மறந்து செவ்வாயில் போட்டால் பூட்டிய வாசலில்தான் குழந்தைகளை இறக்குவீர்கள்.

இரண்டு இரவுத் தங்கல் கூடினால் கட்டணம் ஏறும், வியாபாரம் படுக்கும் என்பீர்கள். அப்படியானால் பட்டுக்கடைக்கு மட்டும் ஒரு மணி நேரம் எங்கிருந்து வருகிறது? அரண்மனையில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விசில் ஊதுகிறவர்கள் கடையில் ஒருவரையும் அவசரப்படுத்துவதில்லை. கடை தரும் கமிஷன் உங்கள் வரவு என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்து வந்தவர்களின் அரண்மனை நேரத்திலிருந்து அதை எடுக்காதீர்கள். இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும். இரவெல்லாம் ஓட்டி வந்த ஓட்டுநர் பகல் முழுக்க ஊருக்குள் சுற்றிவிட்டு அன்றிரவே ஊட்டிப் பக்கம் திரும்ப வேண்டும் என்று திட்டம் போடுகிறீர்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும், 2009 முதல் அப்படித்தான். ஒன்பதுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டுமென்று தூக்கம் கெட்ட கண்ணோடு வண்டியை விரட்டுகிறார் அவர். பின் இருக்கையில் குழந்தைகள் தூங்குகிறார்கள். இரவு தங்கினால் இந்த ஆபத்தும் இல்லை.

கோபம் கொஞ்சம் மேலெழுந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ குடும்பங்கள் வெளிமாநிலத்தை முதன்முதலாகப் பார்ப்பது உங்கள் வண்டிகளில் ஏறித்தான். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. அதனால்தான் உங்களிடமே கேட்கிறோம்.

அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அதில் அரண்மனை என்ற வரிக்கு எதிரே "காலை 10 முதல் 1 வரை" என்று போடுங்கள். இறங்கும் இடம் வராக வாசல் என்று எழுதுங்கள். செருப்புக்குத் துணிப்பை கொண்டுவரச் சொல்லுங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் குவியும், அப்போது பத்து மணிக்கே வாசலில் நிற்பது இன்னும் அவசியம். தசரா நாட்களில் அரச குடும்பத்தின் பூசைகளுக்காக உள்ளே அனுமதி கட்டுப்படுத்தப்படும். குறிப்பாக ஆயுத பூசை, விஜயதசமி நாட்களுக்கு உள்ளே காட்டுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மாடி ஏற முடியாதவர்களுக்குத் துணையாக உங்கள் ஆள் ஒருவரைக் கீழே நிறுத்துங்கள், அவரிடம் அவர்களுடைய செருப்பு டோக்கனும் இருக்கட்டும்.

மூன்று மணி நேரம், காலையில். தயவுசெய்து இந்தக் கோடையிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளில் குடும்பத்தோடு ஏறுகிறவர்கள்